தம்பி முதலில் ஓய்வு பெற்ற கதை

மயிலாப்பூர் அத்தையிடம் இரண்டு செல்போன்கள் உண்டு. ஒன்று பழைய பட்டன் போன். மற்றொன்று, தியாகராய நகரில் இருக்கும் பிள்ளை 2012-ல் வாங்கிக் கொடுத்த கண்ணாடித் திரை போன். சென்ற வாரம் போயிருந்தேன். காப்பியைக் கொடுத்த கையோடு ஒரு வழக்கையும் என் முன் வைத்தாள்.

"ஏண்டா, இந்தப் பட்டன் போன் கிழம். அதிலே நன்னாப் பேச முடியறது. இது அதுக்கப்புறம் பொறந்தது. பேரன் படம் அனுப்பினா அரை நாள் சுத்திண்டே இருக்கே! மூத்தவன் உழைக்கிறான், இளையவன் படுத்துட்டானா?"

அத்தை விளையாட்டாகத்தான் கேட்டாள். ஆனால் நடந்தது அதுவேதான்!

சென்னைக்குச் செல்போன் வந்தது 1995-ல். அது 2ஜி, அதாவது இரண்டாம் தலைமுறை. பேச்சும் குறுஞ்செய்தியுமே அதன் பிரதான வேலை. 2009-ல் பி.எஸ்.என்.எல். இங்கே 3ஜி-யைத் தொடங்கியது. முகம் பார்த்தே பேசலாம் என்று ஊரெல்லாம் ஆச்சரியப்பட்டது. பிறகு 4ஜி, 2022-ல் 5ஜி.

தலைமுறை பெருகிய வேகத்தில் அலைவரிசை பெருகுமா? அதை ஏலத்தில் கோடி கோடியாகக் கொட்டியல்லவா வாங்க வேண்டியிருக்கிறது! கூட்டுக் குடும்பத்தில் புது மருமகள் வந்தால் யாராவது ஓர் அறையைக் காலி செய்து தர வேண்டும். 4ஜி வந்தபோது யாரைக் கிளப்புவது? 2ஜி-யை நம்பிக் கோடிக்கணக்கான பட்டன் போன்கள் இருந்தன. 3ஜி-க்காரர்களோ பெரும்பாலும் 4ஜி-க்கு நகர்ந்துவிட்டார்கள். ஆகவே 2019 முதல் தனியார் கம்பெனிகள் 3ஜி-யை மூடி, அந்த அலைவரிசையை 4ஜி-க்குக் கொடுத்தன. போக்கிடம் இல்லாத கண்ணாடிப் போன் 2ஜி வீட்டுத் திண்ணையில் ஒண்டிக்கொண்டது. அங்கே பேசலாம், படம் நத்தையாகத்தான் ஊர்ந்து வரும்.

அத்தை சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ இந்தப் பட்டன் போனையும் ஒரு நாள் கிளப்பிடுவாளா?" என்றாள்.

சிங்கப்பூரில் 2017-லேயே 2ஜி-யை மூடிவிட்டார்கள். இங்கே இன்னும் ஓடுகிறது. என்றைக்கும் ஓடும் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை.

"4ஜி-யிலேயே பட்டன் போன் விற்கிறது, அத்தை. சிம் பழசானால் அதையும் மாற்றித் தருவார்கள்."

"நம்பர் மாறாதே?"

"மாறாது."

"அது போதும். பாங்கிலே, காஸ் கடையிலே எல்லாம் இந்த நம்பர்தான். உங்க அத்திம்பேர் அடுக்களைச் சுவரிலே எழுதி வெச்சதும் இதுதான்."

நேயர்களே, உங்கள் வீட்டுப் பெரியவர்களின் போனை இந்த வாரமே ஒரு முறை எடுத்துப் பாருங்கள். பழைய கதவு சாத்தப்படுவதற்குள் அவர்களைக் கைப்பிடித்துப் புது வாசலுக்கு அழைத்து வருவது நம் பொறுப்பல்லவா?