பூட்டுப்பிடியில் ஒரு பெருக்கல் கணக்கு

நாமக்கல் லாரிப் பட்டறைகளில் இறுகிப்போன சக்கர நட்டைக் கழற்றுவதைக் கவனித்திருக்கிறீர்களா? ஸ்பானரின் பிடியில் நீண்ட இரும்புக் குழாயைச் செருகி அழுத்துவார்கள். ஒல்லியான பையனுக்கும் நட்டு அசைந்து கொடுக்கும். ஜூடோவின் முழங்கைப் பூட்டும் இதே கணக்குத்தான்.

எதிராளியின் கையை நீட்டி, மேற்கையைத் தொடைகளுக்கிடையே இறுக்கி, முழங்கைக்கு அடியில் இடுப்பைக் கொடுக்கிறார் வீரர். இடுப்பே ஆதாரப் புள்ளி; இடையில் சந்து விழுந்தால் பூட்டு வீண். மூட்டிலிருந்து 25 செ.மீ. தள்ளி, மணிக்கட்டில் 10 கிலோ எடையளவு விசை கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். மூட்டின் முன்புற நார்கள் அச்சிலிருந்து 2.5 செ.மீ. தள்ளியிருந்தால், அவற்றின் மேல் விழுவது 100 கிலோ இழுப்பு!

1951-இல் ரியோ டி ஜெனிரோவில் ஜப்பானின் கிமுரா, ஹீலியோ கிரேஸிக்குப் போட்டது தோளை முறுக்கும் பூட்டு. அங்கே மடங்கிய முன்கைதான் ஸ்பானர். (கிமுரா உடல் கனத்தவரும்கூட, எடையை அடியோடு ஒதுக்கிவிட முடியாது.) கிரேஸி தட்டிச் சரணடையவில்லை; கை ஒடிந்தது.

பள்ளிகளில் பூட்டு சொல்லித் தருமுன் இந்தப் பெருக்கலைக் கரும்பலகையில் போட வேண்டும் என்பேன். வலித்ததும் விட்டுவிடலாம் என்று நினைக்காதீர்கள்; நீட்டிய முழங்கைக்கு அதற்குமேல் வளைய இடமே இல்லை. உங்கள் பயிற்சியாளர் முதல் நாளே தட்டுவதைக் கற்றுத் தருகிறாரா? கேட்டுப் பாருங்கள்.