நண்பகல் மின்சாரம் யாருக்கு?

காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்றனர் நம் முன்னோர். வேளை பார்த்து வேலை செய்த உழவனின் களத்துமேட்டு அறிவு அது! இன்று அதே அறிவை மின்கட்டணத்தில் புகுத்த முனைந்திருக்கிறார்கள். புகுத்தட்டும்; வேண்டாமென்போரல்லர் நாம். ஆனால் தோழர்களே, அந்தக் காற்று எல்லார் களத்திலும் வீசுமா, பண்ணையார் களத்தில் மட்டும் வீசுமா? அதுவே நம் கேள்வி.

2023 ஜூன் திங்களில் மத்திய அரசு, மின் நுகர்வோர் உரிமை விதிகளைத் திருத்திற்று. வேளைக்கொரு விலை என்பதே அத்திருத்தத்தின் உயிர்நாடி. கதிரவன் காயும் எட்டு மணி நேரத்துக்கு, வழக்கமான விலையினின்று 20 விழுக்காடேனும் குறைவு. தேவை மிகுந்த உச்ச வேளையில், ஆலைக்கும் வணிகத்துக்கும் 20 விழுக்காடேனும், வீடுகளுக்கு 10 விழுக்காடேனும் கூடுதல். உழவர் நீங்கலாக, வீட்டார் உள்ளிட்ட மற்றையோருக்கு 2025 ஏப்ரல் 1 எனக் கெடுவும் குறிக்கப்பட்டது. ஆயினும், வேளை பிரித்துக் கணக்கெடுக்கும் ஸ்மார்ட் மீட்டர் பொருத்திய பின்னரே இவ்விலை வீட்டுக்குள் நுழையும்.

ஏன் இந்த ஏற்பாடு? மின்சாரம் நெல்லன்று, குதிரில் கொட்டி வைக்க! பேட்டரியில் சேமிக்கலாம், செலவு மிகுதி. நண்பகலில் சூரிய மின்சாரம் பெருகி வழிகிறது. அந்தி சாய்ந்ததும் அது ஓய்கிறது. அந்த நேரத்தில்தான் வீடுதோறும் விளக்கும் விசிறியும் விழித்தெழுகின்றன. பிரிட்டனில் 1978 முதலே ‘எக்கானமி 7’ என்ற பெயரில், இரவில் ஏழு மணி நேரம் மலிவு விலைக்கு வழங்கினர். அணு உலைகளையும் நிலக்கரி நிலையங்களையும் இரவில் நிறுத்தி வைப்பது எளிதன்று என்பதால், அங்கே நள்ளிரவு மலிந்தது. கதிரவன் காயும் நம் நாட்டிலோ நண்பகல் மலிகிறது.

ஒரு கணக்கைப் பாருங்கள். மின்சாரத்தில் ஓடும் காரின் பேட்டரி 30 யூனிட் கொள்ளும் என்றும், யூனிட் விலை 8 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். வழக்கமான விலையில் 240 ரூபாய். நண்பகலில் ஏற்றினால் 192. மாலை உச்சத்தில் ஏற்றினால் 264. ஒரு முறைக்கு 72 ரூபாய் வேறுபாடு! திங்களில் ஆறு முறை ஏற்றுவோர்க்கு 432 ரூபாய் மிச்சம். நல்லதே. மிச்சம் பிடிப்பவரை நாம் பழிக்கவில்லை.

ஆனால் மறுபக்கம்? கணவனும் மனைவியும் வேலைக்குச் செல்லும் எளிய குடும்பம். பகலெல்லாம் வீடு பூட்டிக் கிடக்கிறது. மாலை ஆறு மணிக்குத்தான் விளக்கெரிகிறது, விசிறி சுழல்கிறது, பிள்ளை படிக்கிறது. உச்ச வேளையில் 2 யூனிட் செலவு; யூனிட் 5 ரூபாயென்றால் நாளொன்றுக்கு 1 ரூபாய் கூடுதல், இரு திங்களுக்கு 60 ரூபாய். தொகை சிறிது எனலாம். ஆனால் பகலில் உழைத்து மாலையில் வீடு திரும்பியது ஒரு குற்றமா, தண்டம் கட்ட? இருளை நண்பகலுக்கு மாற்றிக்கொள் என்று எவர் சொல்ல இயலும்?

அவர்களும் மின்சார ஸ்கூட்டர் வாங்குகிறார்கள். அதன் பேட்டரி ஏறத்தாழ 3 யூனிட். விலை மலிந்த வேளையில் அந்த ஸ்கூட்டர் எங்கே நிற்கிறது? ஆலை வாயிலில், வெயிலில்! மேலே மலிவு மின்சாரம், கீழே வண்டி, இடையில் ஒரு பிளக் இல்லை! பொது மின்னேற்ற நிலையங்களில் காலை 9 முதல் மாலை 4 வரை விலையைக் குறைக்கும் நெறிமுறையை 2024இல் மத்திய அரசு வெளியிட்டது. குறைந்த விலை ஏட்டில் இருந்தால் போதுமா? ஆட்டோ நிறுத்தத்தில், பேருந்து நிலையத்தில், சந்தையில், ஆலை வாயிலில் அன்றோ அது கிடைக்க வேண்டும்!

எனவே நம் கோரிக்கை இரண்டு. உழைப்போர் வண்டி நிற்கும் இடந்தோறும் பகல்நேர மின்னேற்ற வசதி வேண்டும். அது வரும்வரை, சிறு வீடுகளின் உச்ச வேளைக் கூடுதலை மாநில அரசு மானியமாக ஏற்கவேண்டும். 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 65ஆம் பிரிவு அதற்கு வழிவிடுகிறது.

கேட்பது எங்கே என்கிறீர்களா? கட்டணத்தை முடிவு செய்யுமுன், பொதுமக்கள் கூறும் கருத்தையும் மறுப்பையும் ஒழுங்குமுறை ஆணையம் கருதிப் பார்த்தாக வேண்டும்; அதே சட்டத்தின் 64ஆம் பிரிவு இது. ஆலை முதலாளிகளின் வழக்கறிஞர்கள் அந்த மன்றத்துக்குத் தவறாமல் வருகிறார்கள். நாம்?

உங்கள் தெருவில் பத்து வீட்டு மின்கட்டணக் கணக்கைத் திரட்டுங்கள். மாலை வேளைச் செலவைக் குறியுங்கள். மனுவாக எழுதி ஆணையத்தின் முன் வையுங்கள். கதிரவன் குடிசைக்கும் மாளிகைக்கும் ஒன்றாகவே காய்கிறான். அவன் தரும் மின்சாரமும் அவ்வாறே பகிரப்பட வேண்டுமென்று கேட்போம், வாரீர்!