தீ அணைந்த பிறகு வரும் அதிகாரி

சித்திரை மாதம். உச்சி வெயில். பெரியவர்கள் வேலைக்குப் போய்விட்டார்கள். அடுப்பில் இருந்து ஒரு பொறி பறக்கிறது. கீற்றுக் கூரை பற்றிக் கொள்கிறது. காற்று வீசுகிறது. ஒரு வீட்டில் பிடித்த தீ, தெரு முழுவதும் பரவுகிறது!

பிறகு கிராம நிர்வாக அலுவலர் வருகிறார். எத்தனை குடிசை எரிந்தது, என்னென்ன பொருள் போயிற்று என்று எழுதிக் கொள்கிறார். தாசில்தாருக்கு அறிக்கை அனுப்புகிறார். அதை வைத்துத்தான் நிவாரணம் கிடைக்கும். குடும்ப அட்டையும் பட்டாவும் எரிந்து போனவர்கள் முதலில் தேடிப் போவதும் அவரைத்தான்.

இது தேவையான வேலை. ஆனால், தீ வராமல் தடுக்கும் வேலை யாருடையது?

அன்றும் இன்றும்

முன்பு ஊருக்கு ஊர் மணியக்காரரும் கணக்குப்பிள்ளையும் இருந்தார்கள். 1980-ம் ஆண்டு தமிழக அரசு அந்தப் பதவிகளை ஒழித்தது. பிறகு கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். இவர்கள் வெளியூர்க்காரர்களாகவும் இருக்கலாம். ஒருவரே இரண்டு ஊர்களைக் கவனிப்பதும் உண்டு. தீப்பிடிக்கும் நேரத்தில் அவர் ஊரில் இருப்பார் என்று சொல்ல முடியாது.

94 குழந்தைகள்

கீற்று எவ்வளவு ஆபத்தானது என்பதை 2004-ம் ஆண்டு ஜூலை 16-ந் தேதி நாடே பார்த்தது. கும்பகோணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தின் சமையல் அறையில் பிடித்த தீ, கீற்றுக் கூரைக்குத் தாவியது. 94 குழந்தைகள் மாண்டார்கள். அதன் பிறகு பள்ளிக்கூடங்களில் கீற்றுக் கூரைகள் அகற்றப்பட்டன.

ஏழைகளின் வீட்டில் கீற்று நீடித்தது. 2030-ம் ஆண்டுக்குள் 8 லட்சம் கான்கிரீட் வீடுகள் கட்டும் திட்டத்தை 2024-ம் ஆண்டு தமிழக அரசு அறிவித்தது. வீடு வரும் வரை தீ காத்திருக்குமா?

செலவு இல்லாத வேலை

தீயணைப்பு வண்டி டவுனில் இருந்து வரவேண்டும். அது தெருவுக்குள் நுழைய வழி வேண்டும். வழியை அடைத்து நிற்கும் வைக்கோல் போரையும் வேலியையும் அகற்றச் சொல்ல ஊராட்சியால் முடியும்.

மேல்நிலைத் தொட்டியில் கோடைக் காலத்தில் எப்போதும் தண்ணீர் இருக்க வேண்டும். மோட்டார் அறைச் சாவி யாரிடம் இருக்கிறது என்பது ஊருக்கே தெரிந்திருக்க வேண்டும்.

வைக்கோல் லாரி மின்கம்பியில் உரசித் தீப்பிடித்த செய்தி அடிக்கடி வருகிறது. தாழ்ந்து தொங்கும் கம்பிகளைப் பார்த்து, மின்வாரியத்துக்கு எழுத ஒரு தாள் போதும்.

தீயணைப்பு நிலையத்தை அழைக்க 101 என்ற எண்ணைக் குழந்தைகளும் மனப்பாடமாகச் சொல்ல வேண்டும். அதை ரேஷன் கடைச் சுவரில் பெரிதாக எழுதி வைக்கலாம்.

கேட்க வேண்டிய நாள்

மார்ச் 22-ந் தேதியும் மே 1-ந் தேதியும் கிராம சபை கூடும் நாட்கள். இரண்டும் கோடையில் வருகின்றன. குடிநீர், சாலை பற்றிக் கேட்கும் மக்கள் அன்று இதையும் கேட்கலாம்: "எங்கள் தெருவில் தீப்பிடித்தால் வண்டி எந்த வழியாக வரும்? தண்ணீர் எங்கே இருக்கிறது?"

எரிந்த குடிசைகளை எண்ண வரும் அதிகாரி, எரிவதற்கு முன்பே ஒருமுறை அந்தத் தெருவில் நடந்து பார்க்கட்டும். எண்ண வேண்டிய குடிசைகள் குறையும்.