குறை மாதக் குழந்தையின் கண் போனால் பொறுப்பு யார்?
எழும்பூர் வழக்கு சொல்லும் பாடம்

பிரசவத்துக்கு ஊருக்குப் போகும் பெண் சில மாதங்களில் கைக்குழந்தையுடன் ரெயில் ஏறி மும்பை திரும்புவாள். காட்கோபரிலும் தாராவியிலும் செம்பூரிலும் உள்ள தமிழர் வீடுகளில் இது வழக்கம். அவள் பையில் ஆஸ்பத்திரி கொடுத்த 'டிஸ்சார்ஜ்' சீட்டு இருக்கும். அதைப் படித்துப் பார்ப்பவர் சிலரே.

அந்தச் சீட்டில் எழுதாமல் விட்ட ஒரு வரிக்காக நடந்த வழக்கு இது.

24 நாளில் வீட்டுக்கு

சென்னை எழும்பூர் அரசு பெண்கள், குழந்தைகள் ஆஸ்பத்திரியில் 1996 ஆகஸ்டு 30-ந் தேதி ஒரு பெண் குழந்தை பிறந்தது. அது 29-வது வாரம். எடை 1,250 கிராம். இன்குபேட்டரில் வைத்தார்கள். ஆக்சிஜனும் ரத்தமும் கொடுத்தார்கள். உயிர் பிழைத்தது. செப்டம்பர் 23-ந் தேதி வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அக்டோபர் 30-ந் தேதி மீண்டும் ஆஸ்பத்திரியில் காட்டினார்கள். அப்போதும் கண்ணைப் பரிசோதிக்கவில்லை. நாலரை மாதத்தில் தடுப்பூசி போடுவதற்காக மும்பையில் ஒரு குழந்தை டாக்டரிடம் கொண்டு போனார்கள். அவர் பார்த்த உடனே சந்தேகப்பட்டார். இரு கண்களிலும் விழித்திரை கெட்டிருந்தது. காலம் கடந்து விட்டது.

குறை மாதத்தில் பிறந்த குழந்தைகளின் விழித்திரையில் ரத்தக் குழாய்கள் கோணலாக வளருவதால் வருவது இந்த நோய். ஆரம்பத்தில் பார்த்தால் லேசர் போன்ற சிகிச்சையால் பெரும்பாலும் பார்வையைக் காப்பாற்றலாம். விழித்திரை கழன்று விட்டால் மீட்பது மிகக் கடினம்.

லண்டனில் தோற்றது ஏன்?

இப்படிப்பட்ட வழக்குகளில் சிக்கலே, எதனால் ஊனம் வந்தது என்று நிரூபிப்பதுதான். குறை மாதக் குழந்தைக்கு நூறு ஆபத்து. டாக்டர் தவறு செய்திருந்தாலும், "அந்தத் தவறால்தான் கண் போனது" என்று பெற்றோர் காட்ட வேண்டும்.

இங்கிலாந்தில் 1978-ல் பிறந்த ஒரு குறை மாதக் குழந்தைக்கு, டாக்டரின் தவறால் அதிக ஆக்சிஜன் போய் விட்டது. பார்வை கெட்டது. தவறு உண்மை. ஆனால் பார்வை கெட வேறு காரணங்களும் இருந்தன. எது உண்மைக் காரணம் என்று நிரூபிக்கப்படவில்லை என்று கூறி, அன்று அந்நாட்டின் உச்ச கோர்ட்டாக இருந்த பிரபுக்கள் சபை, 1988-ல் மறு விசாரணைக்கு உத்தரவிட்டது.

எழும்பூர் வழக்கில் கேள்வி வேறு. "நோய் ஏன் வந்தது?" என்பது அல்ல, "வரும் என்று தெரிந்தும் ஏன் பார்க்கவில்லை?" என்பதே.

டெல்லி எய்ம்ஸ் டாக்டர்கள் தந்த அறிக்கை இதற்குக் கை கொடுத்தது. குழந்தை இந்த நோயுடன் பிறப்பது இல்லை. பிறந்த இரண்டு முதல் நான்கு வாரத்தில்தான் ஆரம்பிக்கிறது. அப்போது கண்ணைப் பார்ப்பது கட்டாயம் என்று அவர்கள் கூறினார்கள். அந்த நாட்களில் குழந்தை ஆஸ்பத்திரி வசம்தான் இருந்தது! சீட்டிலோ கண் பரிசோதனை பற்றி ஒரு வார்த்தை இல்லை.

தேசிய நுகர்வோர் கமிஷன் 2009-ல் ரூ.5 லட்சம் கொடுக்கச் சொன்னது. சுப்ரீம் கோர்ட்டு 2015 ஜூலை 1-ந் தேதி அதைச் சுமார் ரூ.1 கோடியே 80 லட்சமாக உயர்த்தியது. பெரும் பகுதியைத் தமிழக அரசு கொடுக்க வேண்டும், இரு டாக்டர்களும் தலா ரூ.4 லட்சம் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பு கூறியது.

தொழிலாளி என்ன செய்யலாம்?

எல்லோருக்கும் இலவசமாகவே சிகிச்சை தரும் ஆஸ்பத்திரி மீது நுகர்வோர் கோர்ட்டுக்குப் போக முடியாது. பதிவுச் சீட்டுக்கு வாங்கும் சிறு தொகை கணக்கில் வராது. இது 1995-ம் ஆண்டு தீர்ப்பு. அங்கே சிவில் வழக்குதான் வழி. சிலரிடமாவது கட்டணம் வாங்கும் ஆஸ்பத்திரி என்றால் இலவச நோயாளியும் போகலாம். இ.எஸ்.ஐ. தொழிலாளிக்கும் அந்த உரிமை உண்டு என்று 2007-ல் சுப்ரீம் கோர்ட்டு கூறியது. நுகர்வோர் புகாருக்குக் கெடு 2 ஆண்டு.

கேட்டால் 72 மணி நேரத்துக்குள் சிகிச்சைக் குறிப்புகளைத் தர வேண்டும் என்பது டாக்டர்களுக்கான விதி. எழுதிக் கொடுத்துக் கேட்க வேண்டும். பிறந்த வாரம், எடை, ஆக்சிஜன் கொடுத்த நாட்கள், கண் பார்த்த தேதி, இந்த நான்கும் அதில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நாளை கோர்ட்டில் பேசப் போவது அந்தக் காகிதம்தான்.

எல்லா ஊனத்துக்கும் டாக்டரே காரணம் ஆகிவிட மாட்டார். மூளைப் பாதிப்பு போன்றவற்றில் தாய் வயிற்றிலேயே தொடங்கிய கோளாறும் இருக்கலாம். அங்கே நிரூபிப்பது இன்னும் கடினம்.

எழும்பூர் குழந்தைக்கு நியாயம் கிடைத்தபோது ஏறக்குறைய 19 வயது. கோடி ரூபாய் வந்தது, பார்வை வரவில்லை. ஆகவே வழக்கை விடப் பெரியது அந்த ஒரு பரிசோதனை. குறை மாதக் குழந்தை என்றால் பிறந்த 30 நாட்களுக்குள் கண் டாக்டர் பார்த்தாக வேண்டும். மிகச் சிறிய குழந்தைக்கு இரண்டு, மூன்று வாரத்திலேயே பார்க்க வேண்டும். யாரும் சொல்லாவிட்டாலும் தாய் தகப்பன் கேட்கலாம்.