மூணு விரல் நுழையுதா?

மக்களே, பதிவைப் படிக்கிறதுக்கு முன்னாடி ஒரு சின்ன வேலை. ஆட்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூணையும் சேர்த்து செங்குத்தா வாய்க்குள்ள விட்டுப் பாருங்க. (ஆபீஸ்ல இருந்தீங்கன்னா பக்கத்து சீட்டுக்காரர் டீ குடிக்கப் போன நேரமா பார்த்துச் செய்யுங்க.) நுழைஞ்சா சந்தோஷம். ரெண்டு விரலோட நின்னுபோச்சு, கூடவே பாக்கு, மாவா, ஹான்ஸ், பான் மசாலான்னு ஏதாவது பழக்கம் இருக்குன்னா, மிச்சப் பதிவை அப்புறம் படிச்சுக்கலாம். முதல்ல ஒரு பல் டாக்டரைப் பாருங்க.

இந்த வியாதிக்கு ஓரல் சப்மியூகஸ் ஃபைப்ரோசிஸ்னு பேரு. 1952-ல் ஷ்வார்ட்ஸ் என்பவர் கென்யாவில் வசித்த ஐந்து இந்தியப் பெண்களிடம் பார்த்து எழுதியதுதான் நவீன மருத்துவத்தில் இதன் முதல் பதிவு. கடல் தாண்டிப் போயும் நம்மாளுங்க பாக்கை விடலை பாருங்க. பாக்கில் இருக்கும் அரிகோலின் கன்னத்தின் உட்புறத்தில் இருக்கும் நார்த்திசு செல்களைத் தூண்டிவிடுது. அவை தேவைக்கு மேல கொலாஜன் நூலை நெய்து தள்ளுது. பாக்கில் தாமிரச் சத்தும் அதிகம். அந்தத் தாமிரத்தை வெச்சு வேலை செய்யும் ஒரு நொதி, நெய்த நூலையெல்லாம் ஒண்ணோட ஒண்ணு முடிச்சுப் போட்டு இறுக்கிடுது. முதலில் காரம் எரியும், அப்புறம் ரசம் சாதமே எரியும். கன்னம் வெளுத்துப் போய் செருப்புத் தோல் மாதிரி விறைக்கும். கடைசியில் வாய் திறக்காது. பழக்கத்தை விட்ட பிறகும் இறுகின கன்னம் பெரும்பாலும் பழையபடி ஆகாது. பாக்கு தனியாகவே, புகையிலை இல்லாமலே, மனிதனுக்குப் புற்றுநோய் தரும் பொருள்னு சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தி இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. அந்த அறிக்கை புத்தகமா வந்தது 2004-ல்.

இது ஏதோ வடநாட்டு வியாதின்னு நினைக்கிறவங்களுக்கு ஒரு தகவல். அதே 2004-ல், ஈ.சி.ஆர். உத்தண்டியில் இருக்கும் ராகாஸ் பல் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் சென்னையில் இந்த நோய் பத்தி ஒரு ஆய்வை வெளியிட்டாங்க. மொத்தம் 185 நோயாளிகள். ஒரு பெண்ணுக்குக் கிட்டத்தட்ட பத்து ஆண்கள்ங்கிற கணக்கு. குட்கா, மாவா, பான் மசாலா எல்லாம் அந்தக் கட்டுரையில் வருது. எல்லாம் நம்ம ஊர் வாய்தான்.

நிற்க. இப்ப மெயின் மேட்டருக்கு வர்றேன். இந்த நோயை ஜீன் அளவில் படிக்கிற வேலை தாம்பரம் பக்கத்திலேயே நடக்கணும்ங்கிறது என் கட்சி. ஜீன்னு சொன்னதும் ஓடிடாதீங்க. ஒரு சமையல் கணக்குதான்.

மீனாட்சி அம்மாளோட 'சமைத்துப் பார்' உங்க தெருவில் எல்லா வீட்டிலும் இருக்குன்னு வெச்சுக்குங்க. எல்லார் கையிலும் ஒரே புத்தகம். ஆனா இன்னிக்கு ஒரு வீட்டில் வத்தக்குழம்பு பக்கம் திறந்திருக்கு, ஒரு வீட்டில் பாயசம், ஒரு வீட்டில் புத்தகம் பரண் மேல. நம்ம உடம்பிலும் அப்படித்தான். கன்னத்துச் செல், ரத்தத்தில் ஓடுற வெள்ளையணு எல்லாத்துக்கும் கிட்டத்தட்ட ஒரே டி.என்.ஏ. எந்தப் பக்கம் திறந்து சமையல் நடக்குதுங்கிறதுதான் வித்தியாசம். அப்படித் திறந்த பக்கத்திலிருந்து செல் எடுக்கும் நகல் பெயர் எம்.ஆர்.என்.ஏ. அந்த நகல்களை எண்ணிப் பார்க்கிறதுக்குப் பேருதான் ஜீன் வெளிப்பாட்டு ஆய்வு. 1995 வாக்கில் மைக்ரோ அர்ரே வந்தப்ப, திசுவையே அரைச்சு மொத்தமா பார்த்தாங்க. தெருமுனையில் நின்னு மூக்கை இழுத்தா ஏதோ தாளிக்கிறாங்கன்னு தெரியும், யார் வீட்டிலேன்னு தெரியாதில்லையா, அதே கதை. இப்ப இருக்கும் ஒற்றைச் செல் முறையில் ஒவ்வொரு வீட்டு அடுக்களையையும் தனித்தனியா எட்டிப் பார்க்கலாம்.

எட்டிப் பார்த்து என்ன கிழிச்சாங்கன்னு கேட்பீங்க. எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை ஒண்ணு இருக்கு. எல்.ஏ.டி.-1 என்று ஒரு அரிய பரம்பரை நோய். இவங்களுக்கு நியூட்ரோஃபில் என்கிற வெள்ளையணு ரத்தக்குழாயை விட்டு வெளியேறித் திசுவுக்குள்ள போக முடியாது. சின்ன வயசிலேயே ஈறு அழுகி, எலும்பு கரைஞ்சு, பல்லெல்லாம் கொட்டிடும். காவல்காரன் வரலை, அதனால கிருமி புகுந்து விளையாடுது அப்படீன்னுதான் ரொம்ப நாளா எல்லாரும் நினைச்சாங்க. கேட்க நியாயமாத்தானே இருக்கு? அமெரிக்காவில் நிக்கி மூட்சோபூலோஸ் குழுவினர் அந்த ஈறுத் திசுவில் எந்தெந்த ஜீன் வேலை செய்யுதுன்னு பார்த்தாங்க. நியூட்ரோஃபில் வந்து சேர்ந்தாத்தான் அணையும் ஒரு அலாரம், ஐ.எல்.-23, ஐ.எல்.-17 என்கிற சங்கிலி, அணையாமலே அலறிக்கிட்டு இருந்தது. எலும்பைக் கரைச்சதில் பெரிய பங்கு அந்த அலறலுக்குத்தான். 2014-ல் இதை எழுதினாங்க. அப்புறம், சோரியாசிஸுக்குப் போடுற உஸ்டெகினுமாப் ஊசியை ஒரு இளைஞருக்குப் போட்டுப் பார்த்ததில் ஈறு வீக்கம் அடங்கிச்சு, எத்தனையோ நாளா ஆறாத முதுகடிப் புண்ணும் ஆறிச்சு. 2017-ல் அது நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்தது. வெறும் கண்ணால பார்த்தா வீங்கின ஈறு. உள்ளே திறந்திருந்த பக்கத்தைப் படிச்சதும் வைத்தியமே மாறிப்போச்சு.

அதே குழு 2021-ல் வாய்க்குள் இருக்கும் செல்களின் வரைபடம் ஒண்ணு வெளியிட்டது, செல் என்கிற இதழில். ஆரோக்கியமான ஈறு, கன்னம், நோய்ப்பட்ட ஈறு மூணையும் பார்த்திருக்காங்க. நியூட்ரோஃபிலைக் கூப்பிட்டு வரவழைக்கிறதில் எதிர்ப்பு செல்களைவிட, சுவரும் தூணுமா சும்மா இருக்குன்னு நினைச்ச திசுச் செல்களுக்கே பெரிய பங்குன்னு தெரியவந்தது. அருமையான வேலை, குறையே சொல்ல மாட்டேன். ஆனா அந்த வரைபடத்தில் பாக்கு மென்ற வாய் இல்லை.

இங்கதான் எனக்கு ஆதங்கம். தாம்பரத்தை நடுவில் வெச்சு ஒரு வட்டம் போடுங்க. பள்ளிக்கரணையில் ஸ்ரீ பாலாஜி, வண்டலூர் பக்கம் ரத்தினமங்கலத்தில் தாகூர், காட்டாங்கொளத்தூரில் எஸ்.ஆர்.எம்., குன்றத்தூரில் மாதா, உத்தண்டியில் ராகாஸ். வட்டத்துக்குள்ள இத்தனை பல் மருத்துவக் கல்லூரி. வெளிநோயாளிப் பிரிவில் கட்டட வேலை செய்யறவங்க, ஆட்டோ ஓட்டறவங்க, வெளிமாநிலத்திலிருந்து வந்து பல்லாவரம், மேடவாக்கம் பக்கம் தங்கி வேலை பார்க்கிற பசங்கன்னு எல்லாரும் வர்றாங்க. சந்தேகமா இருந்தா கன்னத்தில் துளித் திசு எடுத்து, ஃபார்மலினில் போட்டு, மெழுகுக் கட்டியாக்கி, மெலிசா சீவி, மைக்ராஸ்கோப்பில் பார்த்து ரிப்போர்ட் எழுதிடுவாங்க. அதோட அந்தத் திசுவின் கதை முடிஞ்சது. கட்டி அலமாரிக்குள்ள போயிடும்.

அந்த அலமாரியில் ஒரு பெரிய கேள்விக்கு விடை இருக்கலாம். எர்ணாகுளம் பக்கத்தில் இந்த நோய் வந்த 66 பேரை 17 வருஷம் தொடர்ந்து கவனிச்ச ஒரு ஆய்வு 1985-ல் வந்தது. அதில் புற்றுநோயாக மாறினது 7.6 சதவீதம், அதாவது 5 பேருக்கு. மிச்ச 61 பேருக்கு மாறலை. அந்த 5 பேர் யாருன்னு முன்கூட்டியே சொல்ல முடிஞ்சிருந்தால்? அவங்களை மூணு மாசத்துக்கு ஒரு தடவை கூப்பிட்டுப் பார்த்திருக்கலாம், மத்தவங்க நிம்மதியா தூங்கியிருக்கலாம். வெளுத்த கன்னம் பார்வைக்கு எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் இருக்கும். உள்ளே எந்த ஜீன் ஓடுது, எந்த எதிர்ப்பு செல் சோர்ந்து உட்கார்ந்திருக்குன்னு படிச்சாத்தான் பிரிச்சுப் பார்க்க வழி பிறக்கும்.

"எல்லாம் பாக்கால வர்றதுன்னு தெரியுதில்ல, தடை பண்ணிட்டுப் போறதை விட்டுட்டு ஜீனாம் கீனாம்" என்று என் மாமா ஒருத்தர் சொல்வார். தடையோட லட்சணத்தைப் பார்ப்போம். தமிழ்நாட்டில் குட்காவுக்கு முதல் தடை 2001-ல். 2004-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் அந்தத் தடை போச்சு. 2013 மே மாசம் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மறுபடி தடை, வருஷா வருஷம் நீட்டிப்பு. 2023 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்ய, ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்த ரத்தை நிறுத்தி வெச்சது. கேம்ப் ரோடு பக்கம் பெட்டிக்கடையில் கேட்டுப் பாருங்க. கடைக்காரர் முதலில் உங்க முகத்தைப் பார்ப்பார், அப்புறம் கல்லாவுக்கு அடியில் கையை விடுவார். தடை வேணும், சந்தேகமே இல்லை. ஆனா ஏற்கனவே வாய் இறுகிப்போன மனுஷனுக்குத் தடையால் ஒரு விரல்கூடக் கூடுதலா நுழையப் போறதில்லை.

நம்மால முடியாதுன்னு யாரும் சொல்ல வேண்டாம். நம்ம ஊர் கன்னம், ஈறு புற்றுநோயின் மரபணு மாற்றங்களை மேற்கு வங்கம் கல்யாணியில் இருக்கும் என்.ஐ.பி.எம்.ஜி.யும் நவி மும்பை ஆக்ட்ரெக்கும் சேர்ந்து 2013-லேயே படிச்சு வெளியிட்டாச்சு. 2025-ல் ஆசிய எதிர்ப்பு செல்களின் வரைபடம் வந்தது. அஞ்சு நாடு, 619 பேர், 12 லட்சத்துக்கு மேல செல்கள். அதில் இந்தியாவும் இருக்கு, சிங்கப்பூர் இந்தியர்களும் இருக்காங்க. ஒரே வகைச் செல்லாக இருந்தாலும் இனத்துக்கு இனம் ஜீன் வெளிப்பாட்டில் வித்தியாசம் இருக்குன்னு அதில் காட்டியிருக்காங்க. ஆனா அது ரத்தம். ரத்தத்தில் ஓடுற போலீஸும் கன்னத்தில் குடியிருக்கிற போலீஸும் ஒரே மாதிரி நடந்துக்க மாட்டாங்க. இன்னொரு பக்கம், பாக்கு மெல்லும் பழக்கம் பரவியிருக்கும் ஹூனான் மாகாணத்துச் சீனர்கள் இந்த நோயை ஒற்றைச் செல் முறையில் படிக்க ஆரம்பிச்சுட்டாங்க. அவங்க மெல்றது பாக்கோட நார் மட்டை, அதுவும் பெரும்பாலும் புகையிலை சேர்க்காமல். நம்ம ஆளு மெல்றதில் சுண்ணாம்பு, புகையிலை, இன்னும் என்னென்னவோ. அவங்க முடிவை அப்படியே நம்ம கன்னத்தில் ஒட்ட முடியாது.

சரி, நம்ம பக்கத்தில் ஆராய்ச்சிக் கட்டுரைக்குப் பஞ்சமான்னா, அதுதான் கொடுமை. 2023-ல் சயன்ஸ் இதழும் ரிட்ராக்‌ஷன் வாட்ச்சும் சென்னையை ஒட்டிய ஒரு பல் மருத்துவக் கல்லூரி, மாணவர்கள் எழுதும் கட்டுரைகளையும் தங்களுக்குள் மாத்தி மாத்திக் கொடுத்துக்கிற மேற்கோள்களையும் வெச்சு தர வரிசையில் ஏறினதைப் பத்தி விலாவாரியா எழுதினாங்க. அமெரிக்கப் புற்றுநோய் அட்லஸை இறக்கி, கம்ப்யூட்டரில் நாலு படம் போட்டு, ஒரு ஜீன் பேரைச் சொல்லி முடிக்கிற கட்டுரைகளும் நிறைய. அட்லஸ் காரங்க 2015-ல் வெளியிட்ட 279 தலை-கழுத்துக் கட்டிகள் பெரும்பாலும் சிகரெட்டும் எச்.பி.வி. வைரஸும் தந்தவை. ரெண்டு மாடி கீழே வெளிநோயாளி வரிசையில் பாக்கு மென்ற கன்னம் உட்கார்ந்திருக்கு, மேலே அமெரிக்கக் கன்னத்தில் ஆராய்ச்சி. என்னத்த சொல்ல!

வேலை கஷ்டம்தான், ஒத்துக்கறேன். எம்.ஆர்.என்.ஏ. ரொம்ப அல்பாயுசு. வெட்டின கையோட உறைய வைக்கணும் இல்லேன்னா பதப்படுத்தும் திரவத்தில் போடணும். மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசர் வேணும். மேடவாக்கத்து கரண்ட் கட்டுக்கு அது தாங்கணும்னா ஜெனரேட்டர் வேணும், ராத்திரி ரெண்டு மணிக்கு அலாரம் அடிச்சா எழுந்து வர ஒரு ஆள் வேணும். நல்லவேளையா, பழைய மெழுகுக் கட்டியிலிருந்தே, எந்த ஜீன் எந்த இடத்தில் ஓடினதுன்னு படிக்கும் முறைகள் இப்ப வந்தாச்சு. அப்ப அந்த அலமாரி குப்பையில்லை, புதையல். ஒரே கல்லூரியால் ஆகலைன்னா அஞ்சு கல்லூரி சேர்ந்து ஒரு திசு வங்கி வைக்கலாம். தரவைக் கொடுத்து வைக்க ஃபரிதாபாதில் இந்திய உயிரியல் தரவு மையம் இருக்கு, பத்தாயிரம் இந்தியர்களின் ஜீனோம் தரவு அங்கேதான் இருக்கு.

நோயாளியிடம் கேட்காமல் மட்டும் செய்யக்கூடாது. ஐ.சி.எம்.ஆரின் 2017 நெறிமுறைகளில் திசு வங்கிக்கு ஒப்புதல் வாங்குறது பத்தித் தெளிவா இருக்கு. ஒப்புதல்னா ஆங்கில ஃபாரத்தில் கைநாட்டு வாங்குறதில்லை. "உங்க கன்னத்துத் துண்டில் பாதியை வெச்சுக்கறோம், இதுக்குத்தான், வேண்டாம்னா உங்க வைத்தியத்துக்கு ஒரு குறையும் வராது" என்று தமிழில், வெளிமாநிலப் பசங்களுக்கு இந்தியிலோ பெங்காலியிலோ, உட்கார வெச்சுச் சொல்லணும். அஞ்சு நிமிஷம் ஆகும். வரிசை நீளும், ஹவுஸ் சர்ஜன் முறைப்பார். பரவாயில்லை.

வாயைப் பார்த்து எதிர்ப்பு சக்தியைப் படிக்கிறது இந்த ஊருக்குப் புதுசும் இல்லை. 1986-ல் டாக்டர் சுனிதி சாலமனும் நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைச் சென்னையில் வெச்சுத்தான் கண்டுபிடிச்சாங்க. 300 எச்.ஐ.வி. நோயாளிகளின் வாய்ப்புண்களைப் பத்தி 2000-ல் ஒரு விரிவான ஆய்வு வந்ததும் சென்னையிலிருந்துதான். நாக்கில் வெள்ளையா படரும் பூஞ்சையைப் பார்த்து உள்ளே சி.டி.4 செல் குறைஞ்சிருக்கலாம்னு ஊகிச்ச காலம். 1928-ல் காசநோய்க்காக ஆரம்பிச்ச நம்ம தாம்பரம் சானடோரியம் ஆஸ்பத்திரி, எச்.ஐ.வி. சிகிச்சைக்கும் நாட்டிலேயே பெரிய இடங்களில் ஒண்ணா ஆனது எல்லாருக்கும் தெரியும். அப்ப டார்ச்சும் மர ஸ்பூனும் வெச்சுப் பார்த்தாங்க.

பல் டாக்டரா இருக்கிற பதிவர்கள் ரெண்டு மூணு பேர் இந்தப் பக்கம் வர்றது தெரியும். உங்க கல்லூரியில் மெழுகுக் கட்டிகளை எத்தனை வருஷம் வெச்சிருக்கீங்க, யார் கையில் சாவி? பின்னூட்டத்தில் சொல்லுங்க.

டிஸ்கி: நான் டாக்டர் கிடையாது. மூணு விரல் சோதனையை நாலு விரலா மாத்திச் செஞ்சு வாய் சுளுக்கினால் கம்பெனி பொறுப்பல்ல.