ஆர்சனிக் இருக்கிறது, எந்த ஆர்சனிக்?

கடல்நாய் எனப்படும் சீலின் கல்லீரலில் ஆர்சனிக் இருக்கிறது என்றதும் பயம் வருகிறது. வெள்ளைப் பாஷாணத்தில் இருப்பதும் ஆர்சனிக்தானே! ஆனால் கடலில் கதை வேறு. 1977-இல் ஆஸ்திரேலியாவில் சிங்கி இறாலை ஆராய்ந்தவர்கள் ஆர்சனோபீட்டெய்ன் என்ற சேர்மத்தைக் கண்டறிந்தார்கள். சீல், திமிங்கலம் இவற்றின் கல்லீரலிலும் பெரும்பாலும் இருப்பது இதுவே. பாஷாணம் போல இது கொல்லாது. நாம் தின்றால் மாறாமல் சிறுநீரோடு போய்விடும்.

ஆகவே, மொத்த ஆர்சனிக்கை மட்டும் சொல்லும் அறிக்கையை அரைகுறை என்பேன். கிரீன்லாந்தின் வேட்டைக் குடும்பங்களுக்குச் சீல் இறைச்சி பரம்பரை உணவு. அந்த ஓர் எண்ணைக் காட்டி, 'தின்னாதீர்கள்' என்பது நியாயமா? (பாதரசத்துக்காகத் தடுப்பது வேறு விஷயம்.) சேர்மங்களைப் பிரித்து அளக்கச் செலவு அதிகம்தான். இருந்தாலும் செய்யத்தான் வேண்டும்.

எப்படி அளக்கிறார்கள்? திசுவின் சாற்றை நுண்துகள் அடைத்த குழாயில் செலுத்தினால், ஒவ்வொரு சேர்மமும் தனக்குரிய நேரத்தில் வெளிவரும். அதைப் பல ஆயிரம் டிகிரி வெப்பமுள்ள ஆர்கான் பிளாஸ்மாவில் சிதைத்து, அயனிகளின் நிறையைப் பார்ப்பார்கள். ஆர்சனிக்கின் நிறை 75.

இங்கேதான் இயற்பியல்காரனாகிய எனக்கு வேடிக்கை! கடற்பிராணியின் உடலில் உப்பு உண்டு. உப்பில் குளோரின் உண்டு. குளோரின் 35, ஆர்கான் 40. கூட்டிப் பாருங்கள். இரண்டும் ஒட்டிக்கொண்டு வந்தால் கருவி அதையும் ஆர்சனிக் என்றே எண்ணும். அதனால் வழியில் ஹீலியம் வாயுவை நிரப்புகிறார்கள். பருத்த அந்தப் போலி, ஹீலியம் அணுக்களோடு அதிகம் மோதி வேகம் இழந்து பின்தங்கிவிடுகிறது.