கையில் மருந்து, கடலில் பிணம்

மே 20-ஆம் தேதியை உலகம் மருத்துவப் பரிசோதனை நாளாகக் கொண்டாடுகிறது. 1747-இல் அந்த நாளில்தான் பிரிட்டிஷ் போர்க்கப்பல் ‘சாலிஸ்பரி’யில் மருத்துவர் ஜேம்ஸ் லிண்ட் தமது சோதனையைத் தொடங்கினார். ஸ்கர்வி நோயால் துவண்டு கிடந்த 12 மாலுமிகளை இருவர் இருவராகப் பிரித்து, ஆறு விதமான மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் தின்ற இருவரில் ஒருவர் ஆறே நாளில் வேலைக்குத் திரும்பினார். மற்றவர், எஞ்சிய நோயாளிகளைக் கவனிக்கும் அளவுக்குத் தேறினார். நீர்த்த கந்தக அமிலமும் கடல்நீரும் குடித்தவர்கள் தேறவில்லை.

கொண்டாட வேண்டிய நாள்தான். ஆனால் அதன் பின் வந்த 48 ஆண்டுகளையும் சேர்த்தே பேச வேண்டும். பிரிட்டிஷ் கடற்படைத் தலைமை மாலுமிகளுக்கு எலுமிச்சைச் சாறு வழங்க முடிவெடுத்தது 1795-இல்.

ஸ்கர்வி சட்டென்று கொல்வதில்லை. ஈறு வீங்கி அழுகும், பல் ஆடி விழும், தோலுக்கடியில் இரத்தம் கட்டும். ஆறிப்போன புண்ணும் வாய் பிளக்கும். 1740-இல் புறப்பட்ட பிரிட்டிஷ் தளபதி ஆன்சனின் கப்பற்படையில், 50 ஆண்டுகளுக்கு முன் அயர்லாந்தில் நடந்த பாயின் போரில் பட்ட காயம் ஒருவருக்கு மீண்டும் திறந்துகொண்டது. கூடியிருந்த எலும்பும் விட்டுப்போனது. அந்தப் பயணத்தில் போன சுமார் 1,900 பேரில் ஏறத்தாழ 1,400 பேர் மாண்டார்கள், பெரும்பாலும் நோயால்.

எலுமிச்சை அன்று புதிதும் அல்ல. 1601-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் முதல் பயணத்திலேயே தளபதி லங்காஸ்டர் தம் ஆட்களுக்குத் தினமும் காலையில் மூன்று கரண்டி சாறு கொடுத்து அவர்களைக் காப்பாற்றினார். உடன் வந்த மூன்று கப்பல்களிலும் ஆட்கள் விழுந்து கிடந்தார்கள்.

ஸ்கர்விக்குக் காரணம் வைட்டமின் சி குறைபாடு என்பது அன்று யாருக்குத் தெரியும் என்று சமாதானம் சொல்வார்கள். அதை நாம் ஏற்கவில்லை. ஏன் குணமாகிறது என்பது தெரியாவிட்டாலும், குணமாகிறது என்பது கண்ணெதிரே தெரிந்தது. உடல் அழுகுவதே நோய் என்ற ஏட்டுக் கொள்கையை அதிகாரிகள் நம்பினார்கள். விலை மலிவான முளைகட்டிய வாற்கோதுமைக் கஷாயத்தை நம்பினார்கள். தேறி எழுந்த மாலுமியை நம்பவில்லை. லிண்டுக்கும் இதில் பங்குண்டு. 1753-இல் வெளியிட்ட தடித்த நூலில் தம் சோதனையைச் சில பத்திகளுக்குள் ஒடுக்கிவிட்டார். சாற்றைச் சூடாக்கிக் குறுக்கி வைக்கவும் சொன்னார்; அதில் சத்து போயிற்று. அவருடையது அறியாமல் செய்த பிழை. அதிகாரத்தில் இருந்தவர்கள் செய்தது அலட்சியம்.

அந்நூல் வந்தபின் மூண்ட ஏழாண்டுப் போரில் கடற்படையில் சேர்க்கப்பட்டவர்கள் 1,84,899 பேர். நோயாலும் காணாமற்போயும் இழந்தது 1,33,708 பேரை. சண்டையில் செத்தவர்கள் 1,512 பேர். மாலுமிகளில் பலர் தெருவில் வலுக்கட்டாயமாகப் பிடித்துவரப்பட்ட ஏழைகள். ஒருவன் செத்தால் இன்னொருவனைப் பிடித்துக்கொள்ளலாம் என்றிருந்த இடத்தில் எலுமிச்சையின் விலை பெரிதாகத்தான் தெரிந்திருக்கும்.

1794-இல் ‘சஃபோக்’ என்ற கப்பல் 23 வாரம் எங்கும் கரை தொடாமல் சென்னை வந்து சேர்ந்தது. வழியெல்லாம் எலுமிச்சைச் சாறு கொடுத்தார்கள். ஸ்கர்விக்கு ஒருவரும் பலியாகவில்லை. அதே பழம் 1747-லும் இருந்தது. இடையில் ஸ்கர்வியால் மாண்ட மாலுமிகளின் சாவுக்குக் கடற்படைத் தலைமையே பொறுப்பு.